கைப்பிடிச் சேறும் கைப்பிடி அரிசியும்

சேலத்துத் திருச்சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனையின் நடுவே போதகர் ஒரு பட்டியலை வாசிப்பது வழக்கம். அந்த வாரம் பிறந்தநாள் காண்பவர்கள், திருமண நாள் காண்பவர்கள், புது வீட்டுக்குக் குடிபோனவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து நலமாகத் திரும்பியவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்த பெற்றோர் எனப் பலரும் ஸ்தோத்திரக் காணிக்கையை உறையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது சபைக்கு முன் அறிவிக்கப்படும். பெந்தெகொஸ்தே சபைகளில் அவரவரே எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். ஏற்காடு மலையடிவாரத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களின் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் இந்தச் சாட்சி நேரம் தவறுவதில்லை. கொலுசுப் பட்டறையில் கூலி உயர்ந்தவர், விசைத்தறிக் கடன் அடைந்தவர், காய்ச்சல் தெளிந்த குழந்தையின் தாய் என ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

இது நல்ல வழக்கம். கிடைத்ததைக் கமுக்கமாக வைத்துக்கொள்ளாமல் ஊரறியச் சொல்வதற்கு ஒரு பணிவு வேண்டும். ஆனால் கூர்ந்து கேட்பவருக்கு ஒரு கேள்வி எழும். கூலி உயராத வாரத்தில், கடன் அடையாத ஆண்டில், காய்ச்சல் தெளியாமலே போன குழந்தையின் வீட்டில் நன்றியுணர்வு என்ன ஆகிறது? பெற்றுக்கொண்டதற்கு எழுதிக் கொடுக்கும் ரசீதாக மட்டும் நன்றி இருந்தால், பெறாதவருக்கு அதில் இடமில்லை. மறுபுறம், எது நடந்தாலும் நன்றி சொல்லி அடங்கியிரு என்று அறிவுரை சொன்னால், அது துன்பப்படுபவரின் வாயை அடைத்துவிடும்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் நடுவே வழி தேடும் ஆய்வாளர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து தென்கிழக்கே, இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையில் இந்தக் கேள்வியை வாழ்ந்து பார்த்த ஒரு குடும்பத்தின் வரலாறு இருக்கிறது.

சேந்தமங்கலத்திலிருந்து மேலே

இப்பகுதியில் கிறிஸ்தவத்தின் சுவடு பழையது. மதுரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1623-இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் அடைந்தார். லண்டன் மிஷனரி சங்கம் 1827-இல் சேலத்தில் காலூன்றியது. கத்தோலிக்கச் சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. இந்தப் பெரிய நிகழ்வுகளுக்கு நடுவே, மிகச் சிறிய ஒரு மிஷனின் ஊழியர்களாக வந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் ஹாரிஸும்.

ஜெஸ்ஸி 1907-இல் இந்தியா வந்தவர். முறையான மருத்துவப் பட்டம் இல்லை. வெப்ப மண்டல நோய்கள் பற்றி லண்டனில் சுருக்கமான பயிற்சி மட்டும் பெற்றிருந்தார். ஈவ்லின் லண்டனின் வசதியான வணிகக் குடும்பத்துப் பெண்; ஓவியம் கற்றவர். இருவரும் 1913-இல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மணம் முடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி மலையேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிச் செல்கிறது. அன்று சாலை கிடையாது. கால்நடையாகவோ டோலியிலோதான் ஏற வேண்டும். கொல்லிமலைக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மேலே இரவு தங்கவே தயங்கிய காலம் அது.

வாழவந்திப் பகுதியில், கறையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரவீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். சுற்றிலும் வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் கேழ்வரகும் நெல்லும் விளைவித்தவர்கள். ஜெஸ்ஸி அவர்களுக்குப் பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து கட்டினார், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், பள்ளி நடத்தினார். ஆண்டுகள் உருண்டும் மலையில் யாரும் கிறிஸ்தவத்தை ஏற்கவில்லை. ஊழியத்தின் பலனை எண்ணிக்கையால் அளக்கும் வழக்கப்படி பார்த்தால், அவர்கள் நன்றி சொல்ல எதுவும் இல்லை.

1918-19 கொள்ளைக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. பிராண்ட் தம்பதி பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்கு ஊட்டினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற ஒரு பூசாரி, சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். மலையில் சபை தொடங்கியது அந்த ஒப்படைப்பிலிருந்துதான்.

தாத்தா கற்றுக்கொடுத்தது

1914 ஜூலை 17 அன்று பிறந்து, இந்த வீட்டில் வளர்ந்தவர் இவர்களுடைய மகன் பால் பிராண்ட். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். நன்றியுணர்வைப் பற்றி அவர் கற்ற முதல் பாடம் கோயிலிலோ வீட்டு ஜெபத்திலோ நடக்கவில்லை. ஒரு வயல்வரப்பில், ஒரு மலையாளி முதியவரிடம் நடந்தது.

அந்த நிகழ்வை அவர் 1980-களில் எழுதிய ‘கைப்பிடிச் சேறு’ என்னும் பொருள்படும் கட்டுரையில் விவரிக்கிறார். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல் வயல்கள். மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு மடை வழியே தண்ணீர் இறங்கும். சிறுவர்கள் தவளை பிடிக்கும் போட்டியில் வயலைக் கலக்கிவிட்டார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்த முதியவர் அங்கே வந்தார். எல்லோருக்கும் அவர் தாத்தா. அவர் அடிக்கவில்லை. கலங்கிய தண்ணீரிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். தம் தாத்தாவுக்கும் தாத்தா காலத்திலிருந்து இந்த மண் இங்கே சோறு போட்டுக்கொண்டிருக்கிறது என்றும், மடை தாண்டி ஓடிய சேறு ஒருநாளும் மலையேறித் திரும்பி வராது என்றும் சொன்னார். வாய்க்காலில் கலங்கல் ஓடுவதைக் கண்டால் உயிர் ஓடுகிறது என்று அறிந்துகொள்ளச் சொன்னார்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மிஷனரிகள் கொடுத்தார்கள், மலைமக்கள் பெற்றார்கள் என்றுதான் இத்தகைய வரலாறுகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. பால் பிராண்ட் அதைத் தலைகீழாக்கி, தான் கடன்பட்டிருப்பது யாருக்கு என்பதை வெளிப்படையாக எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் வாழ்ந்தபோதும், ஆறு அடித்துச் செல்லும் மண்ணைப் பார்த்து அந்தத் தாத்தாவை நினைத்தார். மண் பாதுகாப்புக் கொள்கையில் ஏதேனும் மாற்றம் கொண்டுவர முடியுமென்றால் மருத்துவத் தொழிலையே மகிழ்ச்சியாக விட்டுவிடத் தயார் என்றுகூட எழுதினார். உலகமறிந்த அறுவை மருத்துவர் ஒருவர் வயல் சேற்றைத் தம் தொழிலுக்கும் மேலாக வைத்துப் பேசுவது சாதாரணமில்லை. தம் முன் இருக்கும் பொருள் யாரிடமிருந்து, எத்தனை கை மாறி வந்தது என்று பார்க்கும் பழக்கமே அவரிடம் நன்றியாக நிலைத்தது.

அப்பாவிடமிருந்தும் அதே பழக்கம்தான் வந்தது. பாலையும் தங்கை கான்னியையும் படிப்புக்காக 1923-இல் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் தந்தையும் மகனும் சந்திக்கவே இல்லை, கடிதங்கள் மட்டும்தான். 1929 ஜூன் மாதம், கடும் மலேரியாவின் விளைவாக வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி தமது 44-ஆம் வயதில் இறந்தார். செய்தி தந்தியில் விரைவாகப் போய்விட்டது. அவர் இறப்பதற்கு முன் எழுதியிருந்த கடிதமோ கப்பலில் மெதுவாகப் போய், மரணச் செய்திக்குப் பின் மகன் கையில் சேர்ந்தது. அதில் அவர் காற்று வீசும் மலைமேல் தனியே குதிரையில் சென்றதை விவரித்திருந்தார். உலகத்தை ரசிக்கத் தாவரவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உற்றுப் பார்த்து நினைவில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், இத்தகைய பூமியில் வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றியுள்ளவனாக இரு என்று மகனுக்குச் சொல்லியிருந்தார். பதினைந்து வயதைத் தொடவிருந்த பையன் தந்தையை இழந்த வாரங்களில் வாசித்த கடிதம் இது. தம் வாழ்நாள் முழுவதற்குமான சொத்தாகப் பால் பிராண்ட் அதைக் கருதினார்.

வலிக்கு நன்றி சொன்ன மருத்துவர்

பால் பிராண்ட் உடனே மருத்துவம் படிக்கவில்லை. தந்தையைப் போல மலையில் வேலை செய்ய வேண்டும் என்று ஐந்து ஆண்டுகள் தச்சும் கொத்து வேலையும் பழகினார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, 1946 இறுதியில் வேலூர் வந்தார். அடுத்த ஆண்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் மடங்கிய கைகள் அவர் வாழ்க்கையைத் திருப்பின. எலும்பியல் மருத்துவர் ஒருவரும் அந்தக் கைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவரை உறுத்தியது.

அந்நாளில் தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழும் என்றே மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தார்கள். ஒருமுறை பிராண்டாலேயே திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் இரத்தம் சொட்டியது. தோல் கிழிந்து உள்ளே எலும்பு தெரிந்தது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை. இரவில் விரல் குறைந்துபோன நோயாளிகளைக் காவலிருந்து கவனித்தபோது, எலி வந்து கடிப்பதும், உறங்குபவருக்கு அது உறைக்காததும் தெரியவந்தது. அன்றிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பப்பட்டது. விரல்களைத் தின்றது நோய்க்கிருமி நேரடியாக அல்ல; வலி தெரியாமையால் உண்டாகும் காயங்களே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தொழுநோய் மருத்துவத்தில் இது ஒரு திருப்புமுனை.

இதிலிருந்துதான் வலியும் ஒரு கொடை என்ற பிராண்டின் கருத்து பிறந்தது. 1993-இல் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து அவர் எழுதிய நூலின் மையமும் இதுவே. இது மேடைக்காகச் சொன்ன சொல் அன்று. 1950-களின் தொடக்கத்தில் ஒரு நெடும்பயணம் முடிந்து இங்கிலாந்தில் இரவு தங்கியபோது, காலணியைக் கழற்றிய அவருக்குக் குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது, குடும்பத்தை விட்டுப் பிரிய வேண்டும் என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். அதன்பின் விரலில் சிறு காயம் பட்டாலும் அந்த நன்றி அவருக்கு நினைவு வந்தது.

அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் பணிமாறிய பிறகு, வலி உணராதவர்களுக்காகச் செயற்கை வலி அமைப்பு ஒன்றை உருவாக்க அவருடைய குழு ஆண்டுக்கணக்கில் முயன்றது. கையுறையிலும் காலணியிலும் அழுத்தமானிகள் பொருத்தப்பட்டன. ஆபத்து நெருங்கினால் ஒலி எழும்பும். பிறகு மின்னதிர்ச்சியும் சேர்க்கப்பட்டது. திட்டம் தோற்றது. விரும்பிய வேலையைச் செய்து முடிப்பதற்காக நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாதபடி உடலில் வலி வைக்கப்பட்டிருப்பதன் அருமை அந்தத் தோல்வியில்தான் முழுதாகத் தெரிந்தது என்று பிராண்ட் எழுதினார்.

ஆனால் இந்த வரலாற்றில் பலரும் கடந்துபோய்விடும் ஓர் அத்தியாயம் உண்டு. கை சீரான நோயாளிகள் சிலர் வருத்தத்தோடு வேலூருக்குத் திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள், நேரான கையைப் பார்த்ததும் போட மறுத்தார்கள். தழும்பைக் கண்டு வேலை கொடுக்கவும் யாருமில்லை. ‘பிச்சை எடுக்கவும் உதவாத கை’ என்பதே அவர்களுடைய குறை. உதவி பெற்றவர் நன்றி சொல்லாமல் குறை சொன்னால் கொடுத்தவருக்குக் கோபம் வருவது உலக வழக்கம். பிராண்ட் அந்தக் குறையைச் சரியான நோயறிதலாக எடுத்துக்கொண்டார். நோயாளிகள் தங்கித் தொழில் கற்பதற்காக மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் எழுந்தது. இளமையில் கற்ற தச்சு வேலையை அவர் அங்கே நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மரப் பொம்மைகளைச் செய்ய அந்தக் கைகள் பழகின. அவர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தால் அந்த மையம் உருவாகியிருக்காது.

போதும் என்று யார் சொல்வது?

போதுமென்ற மனம் பற்றிய கிறிஸ்தவப் போதனை பெரும்பாலும் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தை நாடும். காவலில் இருந்தபடி அவர் எழுதிய கடிதம் அது. நிறைவிலும் குறைவிலும் வாழத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் அவர் சொல்கிறார். பேசுவது தம்மைப் பற்றி. தம் வயிற்றைப் பற்றி. அதே பவுல்தான் எருசலேமின் ஏழைகளுக்காகச் சபை சபையாகப் பணம் திரட்டியவர். அவர்களையும் உள்ளதில் நிறைவாக இருக்கச் சொல்லிவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை.

இந்த வேறுபாடு தமிழகத்தில் மறக்கப்பட்டதுண்டு. நிலமுடையவர் கூலிக்காரரிடமும், ஊர் சேரியிடமும், கணவன் மனைவியிடமும் ‘இருப்பதில் திருப்திப்படு’ என்று சொல்வது நெடுங்கால வழக்கம். சபைகளுக்குள்ளும் இருக்கை, கல்லறை, தலைமை என எல்லாவற்றிலும் சாதி புகுந்த இடங்களில், தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும் மனநிறைவு போதிக்கப்பட்டது. 1980-களில் எழுந்த தலித் இறையியல் இதைத்தான் கேள்வி கேட்டது. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்று அன்போடு அழைக்கப்பட்டவர், பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை அவர் தம் இறையியலின் மையமாக வைத்தார். அன்றாட உணவுக்காக நன்றி சொல்பவர், பக்கத்து வீட்டு உலையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் சொல்ல முடியாது என்பதே அவர் நிலை.

கொல்லிமலைக் குடும்பத்தின் வாழ்க்கையும் இந்த நிலைக்கு மிக அருகில் நிற்கிறது. தங்களுக்கு வேண்டியதைக் குறைத்துக்கொண்டே போனவர்கள், மலைமக்களுக்கு வேண்டியதில் சிறிதும் சமாதானம் அடையவில்லை. மண், காற்று, உடல், வலி எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார்கள். மலேரியாவுக்கும் நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய்க்கும் மடங்கிய கைக்கும் தீர்வு தேடினார்கள். தனக்குப் போதும் என்பதும் பிறருக்குப் போதாது என்பதும் அவர்களிடம் ஒரே மனத்தின் இரு பக்கங்களாக இருந்தன.

அரிசிப் பானைக்கு முன்

இந்த மனம் மிஷனரிகளின் தனிச்சொத்து அன்று. தமிழ்ச் சபைகளின் சாதாரண வழக்கங்களிலேயே அது பொதிந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளலாம். அதன் இன்றைய வடிவத்துக்கு மூலம், இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியின் மார்வென்ஸ்டோ ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற குரு 1843-இல் நடத்திய ஆராதனை என்பார்கள். மிஷன்கள் வழியே வந்த அந்தப் பண்டிகை இங்கே வேறு உருவம் எடுத்தது. கரும்பு, வாழைத்தார், பூசணி, மரவள்ளிக் கிழங்கு, முட்டை, சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு எனக் கொண்டுவந்ததெல்லாம் பீடத்தின் முன் வைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடப்படும். வெளியில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் ஏலத்தில் பல மடங்கு விலைக்குப் போகும். பொருள் வாங்குவது ஏலத்தின் நோக்கம் இல்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் அசனம் வைப்பார்கள். வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவார்கள்.

இவற்றைவிட எளிமையானது கைப்பிடி அரிசி. உலையில் போட அரிசி அளக்கும் பெண், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். சேர்ந்தது ஊழியத்துக்கோ ஏழைக்கோ போகும். இந்த வழக்கத்தை மிஜோரம் சபைகள் 1910-இல் ஓர் இயக்கமாகவே தொடங்கின. ஏழை நாட்டுப்புறப் பெண்களின் கைப்பிடி அரிசியால் அங்கே ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள், மிஷன் பணி வளர்ந்தது. மீந்த சோற்றை யாரும் கொடுக்கலாம். கைப்பிடி அரிசி, வீட்டில் யாரும் உண்பதற்கு முன்பே, இன்று போதுமா என்று உறுதியாகத் தெரியாத வேளையிலும் எடுத்து வைக்கப்படுகிறது. அரை வயிறு உண்ணும் வீட்டிலிருந்தும் கொடுக்க ஒன்று உண்டு என்று அந்தப் பெண் நாள்தோறும் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். உபதேசத்தால் வராத மனநிறைவு இந்தக் கைப்பழக்கத்தால் வருகிறது.

உளவியல் ஆய்வுகளும் இப்பக்கம் கொஞ்சம் வெளிச்சம் தருகின்றன. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. நன்றி சொல்லத்தக்க செய்திகளை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தார்கள். அதன்பின் நன்றிக் குறிப்பேடுகள் கடைக்கு வந்தன. எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்ற பேச்சும் வந்தது. ஆனால் பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட கிரெக், சீவன்ஸ் ஆகியோரின் 2020 ஆய்வு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்பயிற்சிகளால் கிடைக்கும் பலன் சிறிதே என்று காட்டியது. மனம் நொறுங்கிய ஒருவரிடம் ‘நன்றி சொல், சரியாகிவிடும்’ என்று சொல்லும் விசுவாசிகள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. அவருக்கு மருத்துவரும் வேண்டும். பக்கத்தில் உட்காரும் ஆளும் வேண்டும்.

சாட்சி நேரத்திலும் இதற்கு இடம் உண்டாக்கலாம். கேட்டது கிடைத்தவர் மட்டும் பேசும் மேடையில், கேட்டும் கிடைக்காதவர் மெல்ல மெல்ல வருவதையே நிறுத்திக்கொள்கிறார். சங்கீதப் புத்தகத்தில் துதிக்கு நிகராகப் புலம்பலும் இருக்கிறது. பிள்ளையை அடக்கம் செய்த தாய் எழுந்து நின்று, இன்னும் எனக்கு நன்றி சொல்ல வரவில்லை, எனக்காக நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்கக்கூடிய சபையில்தான் மற்றவர்களின் ஸ்தோத்திரத்துக்கும் எடை கூடும்.

முகக்கண்ணாடி இல்லாத வீடு

ஈவ்லின் பிராண்டின் பிற்கால வாழ்க்கைக்கு வருவோம். கணவர் இறந்தபின் இங்கிலாந்து சென்றவர், மீண்டும் இந்தியா வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலை செய்ய வைத்தது. எழுபதை நெருங்கியபோது ஓய்வு பெறச் சொன்னது. அவர் ஓய்வு பெற்றார். பெற்றதும் கொல்லிமலைக்கே திரும்பிவிட்டார். இம்முறை மிஷனின் பொறுப்பில் இல்லை, தம் சொந்தப் பொறுப்பில். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன்மலை எனச் சுற்றியுள்ள மலைகளுக்கும் மட்டக் குதிரையில் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது, கால்கள் தளர்ந்தன. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். இறங்கி வந்துவிடுங்கள் என்று மகன் வேண்டிக்கொண்டபோதெல்லாம் மறுத்தார். கடைசி இருபது ஆண்டுகளாக அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை என்றும், தாம் பார்த்தவற்றிலேயே அழகான முகம் முதுமையில் சுருங்கிய அம்மாவின் முகம்தான் என்றும் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், 95 வயதில் ஈவ்லின் இறந்தார். கணவரின் கல்லறைக்கு அருகே மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் குடும்பம் மலையில் போராடிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. மனிதர்கள் இறங்கி நீர் எடுக்கும் படிக்கிணறுகளில் பரவும் புழுநோய் அது. புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல வெளியே இழுப்பது தவிர வேறு மருத்துவம் இல்லை. நீரைக் காப்பதே ஒரே வழி. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை நரம்புச் சிலந்தி இல்லாத நாடாக அறிவித்தது. நல்ல தண்ணீருக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வதும், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதும் ஒரே காரியம் என்று கருதிய பலருடைய உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது.

சேலத்துச் சபைகளுக்கு இன்று இதே காரியம் வாசலிலேயே காத்திருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடக்கும்போது சாயக்கழிவும் சாக்கடையும் சேர்ந்து நிறம் மாறி நாமக்கல் வயல்களுக்குப் போகிறது. அறுப்பின் பண்டிகைக்கு வரும் வாழைத்தாரும் கிழங்கும் அந்தப் பாசனப் பகுதிகளிலிருந்தும் வருகின்றன. ஏலத்தில் சேரும் தொகையில் ஒரு பங்கை ஆற்றோர நீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்குவது, சாயப்பட்டறைக் கழிவு பற்றிச் சபையிலேயே இருக்கும் தொழில் முனைவோரிடம் பேசுவது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஆறு தொடங்கும் இடத்துக்கும் கெடும் இடத்துக்கும் அழைத்துப் போய்க் காட்டுவது என எளிதில் தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன. இவற்றைச் சுற்றுச்சூழல் துறையின் தனிக் கூட்டத்துக்கு விட்டுவிடாமல், ஸ்தோத்திரக் காணிக்கையின் பட்டியலிலேயே சேர்க்கலாம்.